உடல்நிலை காரணமாக

ஜனவரி 11

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. முழங்கால் ஒன்றைத் தவிர என் உடம்பில் மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வாலுவும் எப்படி இருக்கிறீர்கள்? அவளுக்கு விழுந்த முன்பல் முளைத்ததா?

போன வாரம் நீ போனில் பேசியதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி ஒப்பேற்றினேன். காது மெஷினைப் போட்டால் உன் குரலைவிட மின்விசிறிச் சத்தம்தான் தெளிவாக வருகிறது. இனிமேல் கடிதமே எழுது. கண் இன்னும் என் கட்சியில்தான் இருக்கிறது.

இங்கே எனக்கிருக்கும் ஒரே பெரிய வேலை சுற்றுலா ஆலோசனைக் குழு. செவ்வாய்க்கிழமை கூட்டம் என்றால் திங்கட்கிழமையே சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் தொங்கவிட்டுவிடுகிறேன். ஓய்வுபெற்ற ரிசப்ஷன்காரனுக்கு இதில் என்ன வேலை என்று ஸ்டூடியோக்காரர் கேலி செய்கிறார். அவரும் உறுப்பினர்தான், ஏரிக்கு வருகிறவர்களைப் படம் பிடித்தே தலை நரைத்தவர். ஹோட்டல் மேசையில் முப்பது வருஷம் உட்கார்ந்தவனுக்குத்தான் வருகிறவன் எதற்குத் திட்டுவான் என்று தெரியும் என்றேன். பேருந்து நிலையத்தில் பெண்களுக்குக் கழிவறை வந்தது யாரால்? ஏரிக்கரை பெஞ்சுகளை வெயிலிலிருந்து நிழலுக்கு மாற்றியது யார்? சரி, பெருமை போதும்.

இப்போது படகுத்துறைச் சாய்தளம். படகு ஓட்டும் ஒப்பந்தம் இந்த வருஷம் முடிகிறது. புதிதாக எடுக்கிறவர் சக்கர நாற்காலி இறங்கும்படி சாய்தளம் கட்டித் தர வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். ஏப்ரல் கூட்டத்தில் முடிவாகும். உனக்கு ஞாபகம் இருக்கும், நாம் படகில் போகும்போதெல்லாம் உன் அம்மா மேலேயே சக்கர நாற்காலியில் உட்கார்ந்து நம் செருப்பையும் பையையும் காவல் காப்பாள். தண்ணீர் என்றால் பயம் என்பாள். அவளுக்கு எதைக் கண்டும் பயம் கிடையாது. நடுவில் படி இருந்தது, அவ்வளவுதான்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். வாலு ஒரு பக்கமாவது கிறுக்கி அனுப்பட்டும்.

உன் அப்பா


பிப்ரவரி 2

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் பட்டையைப் போட்டுக்கொள்கிறீர்களா, இல்லை அலமாரிக்குப் போட்டிருக்கிறீர்களா? நாங்கள் மூன்று பேரும் நலம். வாலுவுக்குப் பல் முளைத்துவிட்டது, கொஞ்சம் கோணலாக. கண்ணாடிக் கடையில் எனக்கு நாள் முழுக்க நின்றபடி வேலை. ஒருத்தருக்குப் பிரேம் பிடிப்பதற்குள் இருபது முகம் மாறுகிறது.

அப்பா, ஒரு விஷயம். எப்படி எழுதுவதென்று தெரியாமல் இரண்டு தடவை கிழித்துப் போட்டேன். அந்தப் படகு ஒப்பந்தத்தை எடுக்க உங்கள் மாப்பிள்ளைக்கு ஆசை. இங்கே டிராவல்ஸ் தொழில் படுத்துவிட்டது. கூட்டாளி ஒருவர் இருக்கிறார், அவருக்குப் படகு ஓட்டிய அனுபவம் உண்டு. ஆனால் குழு உறுப்பினருக்கு நெருங்கிய சொந்தம் ஒப்பந்தம் கேட்கக் கூடாதாமே? இவர் விசாரித்துப் பார்த்துச் சொன்னார்.

நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது. நீங்கள் குழுவிலிருந்து விலகிக்கொண்டால் அவர் விண்ணப்பம் போடலாம். சிபாரிசு வேண்டாம், ஒன்றும் வேண்டாம். விலகினால் போதும்.

அவரே எழுதியிருப்பார். வேலையாக வெளியூர் போயிருக்கிறார்.

என்றும் உங்கள் பாப்பா


பிப்ரவரி 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீங்கள் எல்லோரும் நலம் என்று படித்ததில் நிம்மதி. முழங்கால் பட்டையைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், சத்தியமாக.

நீ கேட்டதை நான் தப்பாக நினைக்கவில்லை. விதி நீ சொன்ன மாதிரிதான். நானே கைதூக்கி ஆதரித்த விதி அது. அப்போது எனக்குச் சொந்தக்காரன் எவனும் படகு ஓட்டப்போவதில்லை என்ற தைரியம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஏப்ரல் வரை பொறுக்க முடியுமா? சாய்தளம் தீர்மானமாகட்டும். அதற்கு மறுநாளே விலகிவிடுகிறேன். நான் எழுந்துவிட்டால் அதைப் பிடித்துத் தொங்க வேறு ஆள் இல்லை. ஸ்டூடியோக்காரர் நல்ல மனுஷன், ஆனால் தலைவரம்மா ஒரு தடவை முறைத்தால் "ஆமாங்கம்மா" என்று உட்கார்ந்துவிடுவார். தலைவரம்மாவுக்குச் சொந்தமாகப் பெரிய லாட்ஜ் இருக்கிறது. செலவு என்றாலே முறைப்பார்.

மாப்பிள்ளை வந்ததும் இரண்டு வரி எழுதச் சொல். மாமனாரிடம் கேட்க என்ன கூச்சம்?

அன்புடன் அப்பா


பிப்ரவரி 14

அப்பா,

எல்லோரும் சுகம். மார்ச் பாதியோடு விண்ணப்பம் வாங்குவதை நிறுத்திவிடுவார்களாம். ஏப்ரல் வரை முடியாது.

நான் உங்களிடம் பெரிதாக எதுவும் கேட்டதில்லை. இதை எனக்காகச் செய்யுங்கள். அவருக்காக இல்லை, எனக்காக. ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

பாப்பா


மார்ச் 8

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. நான் சௌக்கியம். உங்கள் மூன்று பேரின் உடம்பும் எப்படி?

செவ்வாய்க்கிழமை விலகிவிட்டேன். கூட்டம் தொடங்குமுன்னே கடிதத்தைத் தலைவரம்மா மேசையில் வைத்தேன். "உடல்நிலை காரணமாக" என்று ஒரே வரி. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இத்தனை வருஷம் ஒரு கூட்டம்கூடத் தவறாதவர் திடீரென்று ஏன் என்று கேட்டார். முடியவில்லை என்றேன். சாய்தளத்தை மட்டும் நிபந்தனையிலிருந்து எடுத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். எடுக்கமாட்டோம் என்றார். எல்லோருக்கும் தேநீர் வந்தது. ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். இனி அவசரமே இல்லாதவனுக்குக் கடிகாரம்.

ஸ்டூடியோக்காரர்தான் விடவில்லை. மாடிப்படி வரை பின்னாலேயே வந்தார். "ரெண்டு மாடி ஏறி வந்து உடம்புக்கு முடியலன்னு சொல்றீங்க. என்கிட்டயாவது உண்மையச் சொல்லக் கூடாதா?" என்றார். சொல்லத்தான் எனக்கும் ஆசை. எனக்கே தெரியாததை அவரிடம் எப்படிச் சொல்வது? என் முழங்காலைக் காட்டிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

நீ கேட்காதே என்றாய், நான் கேட்கவில்லை. மாப்பிள்ளைக்கு என் வாழ்த்தைச் சொல். நான் யாரிடமும் அவருக்காகப் பேசமாட்டேன், அது அவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

அப்பா


மார்ச் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையிலேயே பிரித்துப் படித்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமைகளில் வீட்டிலேயே முடங்கிவிடாமல் ஸ்டூடியோ பக்கமாவது போய்விட்டு வாருங்கள்.

இவர் விண்ணப்பம் போட்டுவிட்டார். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தார். நீங்கள் விலகிய செய்தியை நான் சொன்னதும் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். சாப்பிட்டார் அப்பா. இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வாலு அவர் மடியிலேயே தூங்கிவிட்டாள். அவளை எழுப்பாமல் ரொம்ப நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். சமையலறை பல்பு எரியாமல் இருந்தது, அதையும் மாற்றிப் போட்டுவிட்டுப் போனார்.

எல்லாம் சரியாகிவிடும். நீங்கள் எனக்குச் செய்தது எவ்வளவு பெரியதென்று உங்களுக்குத் தெரியாது.

உங்கள் பாப்பா


மே 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

வெயிலில் நான் கொஞ்சம் வாடினாலும் நன்றாகவே இருக்கிறேன். வாலுவின் பள்ளிக்கூடம் மூடியிருப்பார்கள், அவள் வால் நீண்டிருக்கும். மாப்பிள்ளைக்குத்தான் ஒப்பந்தம் என்று உனக்கு முன்பே தெரிந்திருக்கும். எனக்கு ஸ்டூடியோக்காரர் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவருக்குக் காரணம் புரிந்துவிட்டது. அதன் பிறகு அவர் அதிகம் பேசுவதில்லை. ஊரில் வேறு சிலரும் அப்படித்தான். பரவாயில்லை, இது எதிர்பார்த்ததே.

சாய்தளம் இல்லையாம். அது வரும் இடத்தில்தான் டிக்கெட் அறை வைக்க வசதி என்று எடுத்தவர்கள் கேட்டார்களாம், குழுவும் சரி என்றுவிட்டது. மாப்பிள்ளை தொழிலுக்குப் புதிது, அவருக்கு எத்தனை நெருக்கடியோ. இதை நீ அவரிடம் கேட்டுச் சங்கடப்படுத்தாதே.

நல்ல சேதி ஒன்று. உங்களுக்கு வீடு பார்த்துவிட்டேன். நம் தெருவுக்கு அடுத்த தெரு, ஒரு நர்ஸம்மாவின் மாடி. இரண்டு அறை, சமையலறையில் காலை வெளிச்சம் விழுகிறது. வாலு நடந்தே பள்ளிக்குப் போகலாம். இந்த ஊரில் கண்ணாடிக் கடையும் ஒன்று இருக்கிறது, அவர்களிடம் உன்னைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறேன். படகு ஓட ஆரம்பித்ததும் மாப்பிள்ளை இங்கே, நீங்கள் அங்கே என்று எத்தனை நாள் இருப்பது? எப்போது வருகிறீர்கள் என்று ஒரு வார்த்தை எழுது, நர்ஸம்மாவைப் பிடித்து வைத்திருக்கிறேன்.

ஆவலோடு அப்பா


ஆகஸ்ட் 17

அன்புள்ள பாப்பாவுக்கு,

மே மாதக் கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. கடையில் வேலை அதிகமாக இருக்கும். நீயும் வாலுவும் எப்படி இருக்கிறீர்கள்?

நான் நன்றாக இருக்கிறேன். ஏரிப் பக்கம் போவதில்லை. முழங்கால் கொஞ்சம் தொந்தரவு. பின்வாசல் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். நர்ஸம்மா அந்த மாடியை வேறு யாருக்கோ விட்டுவிட்டார். நல்லதாகப் போயிற்று, மழை வந்தால் ஒழுகும் என்று பிறகு சொன்னார்கள்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அப்பா


ஆகஸ்ட் 25

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அவரைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. கல்யாணமானதிலிருந்து நீங்கள் எழுதிய எந்தக் கடிதத்திலும் மாப்பிள்ளை நலமா என்று கேட்காமல் இருந்ததில்லை.

படகுத்துறைக்குப் போனீர்களா? என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். என்னவாக இருந்தாலும் எழுதுங்கள்.

பாப்பா


செப்டம்பர் 1

என் பாப்பாவுக்கு,

நீ திடமாக இருக்க வேண்டும். இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள்.

போனேன். உன் பதில் வராததால், வீட்டைப் பற்றி மாப்பிள்ளையிடமே கேட்டுவிடலாம் என்று ஆகஸ்ட் முதல் வாரம் ஒருநாள் காலையில் போனேன். டிக்கெட் அறையில் ஒரு பெண் உட்கார்ந்து டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். வேலைக்கு வைத்த பெண் என்று நினைத்து, முதலாளி எங்கே என்று கேட்டேன். அவள் பக்கத்தில் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தை, இப்போதுதான் நடக்கப் பழகியிருக்கும், படகுப் பக்கம் திரும்பி "அப்பா" என்று கூப்பிட்டது. மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தார்.

என்னைப் பார்த்து அவர் பதறவில்லை. ஓரமாக அழைத்துப் போனார்.

"மாமா, அவ உங்ககிட்ட சொல்லவே இல்லையா? நான் அந்த வீட்டை விட்டு வந்து ரெண்டு வருஷம் ஆகுது."

"அப்புறம் எதுக்கு என்னை விலகச் சொன்னா?" என்று கேட்டேன்.

"காண்ட்ராக்ட் கிடைச்சா திரும்பி வர்றதப் பத்தி யோசிக்கிறேன்னு சொல்லியிருந்தேன். யோசிச்சேன் மாமா."

படகு எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னார். என் காது அன்றைக்குப் பார்த்து நன்றாகக் கேட்டது. வந்ததுதான் வந்தீர்கள், ஒரு சுற்றுப் போய்விட்டு வாருங்கள், டிக்கெட் வேண்டாம் என்றும் சொன்னார். நான் திரும்பி நடந்தேன். பேச நினைத்ததெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வாயில் வந்தது. கேட்க ஆள் இல்லை.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. "வந்தார்" என்று நீ மார்ச் மாதம் எழுதியபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். சொந்த வீட்டுக்கு யாரும் வருவதில்லை, அங்கே இருப்பார்கள். ரெண்டு வருஷமாக மாப்பிள்ளை நலமா, மாப்பிள்ளை நலமா என்று ஒவ்வொரு கடிதத்திலும் உன் புண்ணைக் கிளறிக்கொண்டிருந்திருக்கிறேன். அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

போதும். வாலுவைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு. உன் அறை அப்படியேதான் இருக்கிறது.

அப்பா


செப்டம்பர் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

இத்தனை நாள் பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். எனக்கு ஒன்றுமில்லை, கடைக்குப் போகிறேன், வருகிறேன். வாலு சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். நீங்கள் சாப்பிடுகிறீர்களா?

அந்தப் பெண்ணைப் பற்றி எனக்குத் தெரியும். குழந்தை இருப்பது தெரியாது.

உங்களை ஏமாற்ற வேண்டும் என்று நான் பொய் எழுதவில்லை அப்பா. "மூன்று பேரும் நலம்" என்று எழுதும்போது, எழுதுகிற அந்த நிமிஷத்துக்கு அவர் பக்கத்து அறையில் இருப்பதுபோல இருக்கும். உறையை ஒட்டியதும் போய்விடும். அதற்காகவே சில நாள் உங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். பிறகு அவர், உங்க அப்பா விலகினால் யோசிக்கலாம் என்றார். யோசிக்கலாம் என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு நான் இங்கே எத்தனை ஏற்பாடு செய்தேன் தெரியுமா? மெத்தை உறை மாற்றினேன். வாலுவிடம், அப்பா வரப்போகிறார் என்று சொல்லிவிட்டேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

வந்துவிடு என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படி வருவேன்? பேருந்தை விட்டு இறங்கினால் முதலில் கண்ணில் படுவது படகுத்துறைதான். கடைக்குப் போக, பள்ளிக்குப் போக, எதற்கும் ஏரிக்கரையைத் தாண்டியாக வேண்டும். வாலு ஒருநாள் டிக்கெட் அறை முன்னால் நின்று "அப்பா" என்று கூப்பிடுவாள், அந்தக் குழந்தையும் திரும்பிப் பார்க்கும். உலகத்தில் எனக்குப் போக்கிடம் என்று இருந்தது அந்த ஒரு ஊர். அங்கே அவரைக் கொண்டுபோய் உட்கார வைத்தது நான்தான். நீங்கள் எனக்காக எழுந்து இடம் கொடுத்தீர்கள்.

இனி உங்களையும் பார்க்க வர முடியாதபடி செய்துகொண்டேனே அப்பா.

பாப்பா


செப்டம்பர் 26

என் பாப்பாவுக்கு,

உடம்பு, மனசு இரண்டையும் விட்டுவிடாதே. உனக்கு முதலில் ஒரு சேதி சொல்கிறேன். தலைவரம்மா நேற்று வீட்டுக்கு வந்தார். உடம்பு தேறியிருந்தால் திரும்பக் குழுவுக்கு வாருங்கள், உங்கள் இடத்தில் இன்னும் யாரையும் போடவில்லை, ஒப்பந்தம் கொடுத்தாகிவிட்டதால் சொந்தம் என்ற விதியும் இனி தடையில்லை என்றார். சாய்தளத்தையும் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அவர் கேட்பார் என்று நான் நினைக்கவே இல்லை. போன மாதம் கேட்டிருந்தால் சட்டைக்கு இஸ்திரி போட ஓடியிருப்பேன்.

இல்லைம்மா, வேண்டாம், நான் ஊரை விட்டுப் போகிறேன் என்றேன். எங்கே என்று கேட்டார். என் மகளிடம் என்றேன். அவர் பெண்பிள்ளை, புரிந்துகொண்டார். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

நீ வர முடியாவிட்டால் நான் வருகிறேன். வீட்டை நர்ஸம்மாவின் தம்பி வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார். ஸ்டூடியோக்காரரிடம் நேற்றுச் சாயங்காலம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கேமராவைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. உன் அம்மா படத்தையும் என் உடுப்புகளையும் தவிர எடுத்து வர ஒன்றும் இல்லை. ஏரியைப் பார்க்காமல் எனக்கு எப்படி இருக்குமோ தெரியாது. முப்பது வருஷம் மேசையிலிருந்து பார்த்தேன், அதற்கப்புறம் பெஞ்சிலிருந்து பார்த்தேன். பார்த்தாகிவிட்டது.

பத்தாம் தேதி கிளம்புகிறேன். உன் வீட்டு முன்னறையில் ஒரு கட்டில் போட இடம் இருக்குமா என்று மட்டும் பார். நான் குறட்டை விடுவேன் என்று வாலுவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

அப்பா


அக்டோபர் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

பத்திரமாக வந்து சேருங்கள். முன்னறையிலிருந்த மேசையை நகர்த்திவிட்டேன், கட்டிலுக்கு இடம் தாராளமாக இருக்கிறது. ஜன்னலுக்கு நேரே பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும். அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வாலுவிடம் நீங்கள் வருவதைச் சொன்னேன். குதிப்பாள் என்று நினைத்தேன். பென்சிலை வைத்துவிட்டு, "தாத்தா எப்போ திரும்பிப் போவாரு?" என்று கேட்டாள். போகமாட்டார், நம்மகூடவே இருப்பார் என்றேன்.

அவள் நம்பவில்லை அப்பா. தலையை மட்டும் ஆட்டிவிட்டு எழுத ஆரம்பித்துவிட்டாள். நான் சொன்னால் இனி நம்பமாட்டாள். நீங்கள் வந்து, ரொம்ப நாள் இருந்து காட்டினால்தான் உண்டு.

பாப்பா